சேம்பைக் காக்க முதலில் எதில் செலவிடுவது: சமோவாவையும் ஹவாயையும் வைத்து ஓர் ஒப்பீடு

நம் சமையலறையில் வறுவலாகவும் புளிக்குழம்பாகவும் ஆகிற சேப்பங்கிழங்கும், பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகள் நாம் சோறு உண்பதுபோல் அன்றாடம் உண்டுவந்த கிழங்கும் தாவர இனத்தால் ஒன்றே. நாம் தாய்க்கிழங்கைச் சுற்றிக் கிளைக்கும் சிறு கிழங்குகளை விரும்புகிறோம். அவர்கள் நடுவில் பருத்து விளையும் தாய்க்கிழங்கையே உணவாகக் கொள்கிறார்கள். ஹவாயில் அதற்குக் கலோ என்று பெயர், சமோவாவில் தலோ. இரண்டு தீவுக்கூட்டங்களும் கடந்த நூறாண்டுகளில் இந்தப் பயிரில் பேரிழப்பைக் கண்டன. இரண்டும் அதை மீட்க முயன்றன. ஆனால் ஒன்றில் பலித்த வழி மற்றொன்றில் பெரும் சண்டையில் முடிந்தது. தம் பாரம்பரியப் பயிரைக் காக்க நினைக்கும் ஒரு தீவுச் சமூகம், கையிலுள்ள சிறு தொகையையும் சில பேருடைய உழைப்பையும் முதலில் எதில் இறக்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால், இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பேசப்படும் வழிகள் பெரும்பாலும் நான்கு. வகைகளை ஆய்வகத்தில் சேமிப்பது, நோய் தாங்கும் புதிய வகைகளை உருவாக்குவது, நிலத்தையும் தண்ணீரையும் மீட்டுப் பழைய வகைகளை வயலிலேயே வாழவைப்பது, கிழங்குக்கு நல்ல விலை கிடைக்கும்படி சந்தையை வளர்ப்பது. திட்ட அறிக்கைகளில் நான்கும் ஒன்றாகவே எழுதப்படும். உண்மையில் பணம் ஒன்றுக்குப் போதும், மிஞ்சினால் ஒன்றரைக்குப் போதும். ஆகவே வரிசைதான் முக்கியம்.

ஆய்வகச் சேமிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். நெல்லையோ கேழ்வரகையோ போலச் சேம்பின் வகைகளை விதையாக உலர்த்திக் குளிரறையில் வைத்துவிட முடியாது. பல வகைகள் அரிதாகவே பூக்கின்றன. பூத்து விதை பிடித்தாலும், அந்த விதையிலிருந்து வரும் செடி தாயைப்போல் இருப்பதில்லை. எனவே 2008ஆம் ஆண்டு நார்வேயின் ஸ்வால்பார்டில் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம் போன்ற ஏற்பாடுகளால் ஒரு குறிப்பிட்ட சேம்பு வகையை அதே வகையாகக் காக்க இயலாது. வயலில் திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது தண்டின் நுனித் திசுவைக் கண்ணாடிக் குழாயில் ஊட்டக்கூழின்மேல் வளர்த்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பசிபிக் சமூகம் என்னும் வட்டார அமைப்பு ஃபிஜியின் சுவாவில் நடத்திவரும் பயிர், மர மரபுவள மையம் இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. உலகின் மிகப் பெரிய சேம்புத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. அது தோன்றியதற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. அதற்கு முன் பசிபிக் நாடுகள் வயல்களில் நட்டுப் பராமரித்த தொகுப்புகளில் பெரும்பகுதி, நோயாலும், திட்டப் பணம் தீர்ந்த பின் களை எடுக்கக்கூட ஆளில்லாமல் போனதாலும், அழிந்துபோயிருந்தது.

வயல் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஹவாயின் கவாய் தீவே சாட்சி. 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் அங்குள்ள வைபா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1,262 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அமெரிக்காவில் ஒரே நாளில் பதிவான மழையில் அதுவே மிக அதிகம். பக்கத்திலுள்ள ஹனலேய் பள்ளத்தாக்கு ஹவாயின் சேம்பு விளைச்சலில் பெரும்பங்கைத் தருவது. அதன் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஒரு வகை அப்படிப்பட்ட ஒரே வயலில் மட்டும் இருந்திருந்தால், அந்த ஒரு நாளோடு அதன் கதை முடிந்திருக்கும். இந்தக் காரணத்துக்காகவே ஆய்வகப் பிரதி ஒன்று வேண்டும் என்பேன். ஆனால் அது வட்டார மையத்தில் இருக்கட்டும். சிறு தீவு ஒன்று மின்சாரம், குளிரூட்டி, கிருமியற்ற அறை, பயிற்சி பெற்ற பணியாளர் என்று தனக்கெனத் தனி ஆய்வகம் கட்டிக்கொள்வது, பயிருக்குப் போக வேண்டிய பணத்தைக் கட்டடத்துக்குக் கொடுப்பதாகவே முடியும். மேலும், குழாயில் இருக்கும் செடி வைரஸ் சோதனையும் தனிமைப்படுத்தலும் முடிந்து ஊர் திரும்ப நெடுநாள் ஆகும். அதை எந்த ஈரத்தில் நடுவது, எத்தனை மாதத்தில் பிடுங்குவது, எந்தச் சமையலுக்கு உகந்தது என்பவை அதனோடு திரும்பி வருவதில்லை.

இரண்டாவது வழிக்குச் சமோவாதான் பாடநூல். 1990 பிப்ரவரியில் ஓஃபா புயலும் 1991 டிசம்பரில் வால் புயலும் அந்தத் தீவுகளைச் சூறையாடின. புயலுக்குப் பின் விரைவில் உணவும் காசும் தரக்கூடிய பயிராக மக்கள் தலோவை நம்பினார்கள். அதிலும் ‘நியூயே’ என்ற ஒரே வகையை நம்பினார்கள். அதன் சுவை ஊராருக்குப் பிடித்தது. நியூசிலாந்தில் குடியேறிய சமோவர்களும் அதையே கேட்டு வாங்கினார்கள். ஆகவே மேட்டிலும் சரிவிலும் அதே வகை நிறைந்தது. 1993ஆம் ஆண்டின் நடுவில் இலைக்கருகல் நோய் உபோலு தீவில் காணப்பட்டது. 1900இல் ஜாவாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிர், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குக் காரணமான கிருமியின் நெருங்கிய உறவு. இரவின் ஈரத்தில் பெருகி, மழைத்துளி தெறிக்கும்போது இலைக்கு இலை தாவுவது அதன் வழக்கம். இலை சில நாள்களிலேயே கருகிவிடுவதால் கிழங்கு பருக்க வழியில்லை. ஒரே வகை, இடைவெளி இல்லாத நடவு, ஓயாத மழை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, சமோவாவின் முதன்மை ஏற்றுமதிகளில் ஒன்றாக இருந்த பொருள் ஓராண்டுக்குள் ஏறத்தாழ அற்றுப்போனது. நியூசிலாந்துச் சந்தையில் அந்த இடத்தை ஃபிஜி பிடித்துக்கொண்டது. ஃபிஜி உழவர்கள் அனுப்பிய வகையின் பெயர் ‘தவுசலா நி சமோவா’ என்பது இந்தக் கதையில் நகைப்புக்கும் வருத்தத்துக்கும் ஒருசேர உரிய செய்தி.

முதலில் மருந்து தெளித்துப் பார்த்தார்கள். நோயுற்ற இலைகளைக் கிள்ளி எரித்துப் பார்த்தார்கள். நடவுப் பொருளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதைத் தடுத்துப் பார்த்தார்கள். வீட்டு உணவுக்காக விளைவிக்கும் கிழங்குக்கு வாரந்தோறும் மருந்து வாங்கக் கட்டுப்படியாகாது. மக்கள் வாழைக்காய்க்கும், ஈரப்பலாவுக்கும், தாமு என்னும் பெருஞ்சேம்புக்கும், கப்பலில் வந்த அரிசிக்கும் மாவுக்கும் போனார்கள். பிறகு பலாவு, மைக்ரோனீசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்து நோயை ஓரளவு தாங்கும் வகைகள் வந்தன. பிலிப்பைன்ஸ் வகைக்கு ஊரார் ‘தலோ ஃபிலி’ என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். அந்த வகைகளை உள்ளூர் வகைகளோடு கலந்து புதிய வகைகள் உருவாக்கும் வேலை 1996இல் அலஃபுவாவிலுள்ள தென்பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது. 1999இல் உழவர்கள் ஒரு குழுவாக அதில் இணைந்தார்கள்.

இந்த இணைவுதான் என்னைக் கவர்ந்த பகுதி. ஆய்வுப் பண்ணையில் தேர்ந்த வகையை உழவர் கையில் திணிக்காமல், தேர்வின் நடுவிலேயே கன்றுகளை அவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தம் நிலத்தில் நட்டார்கள், ஒன்றாகக் கூடி ஒப்பிட்டார்கள், வேகவைத்துத் தின்றும் பார்த்தார்கள். நோயை நன்றாகத் தாங்கியும் வாயில் வழவழத்துப் போன கிழங்கு தள்ளப்பட்டது. நோய்க்கு எதிராக ஒரே ஒரு வலிமையான மரபணுவை நம்பாமல், சிறிது சிறிதாகத் தாங்கும் பல பண்புகளைச் சுற்றுக்குச் சுற்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒற்றை மரபணுவின் காவலைக் கிருமி ஒருநாள் உடைத்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பசிபிக் வகைகளுக்குள் மரபு வேறுபாடு குறைவு என்பது தெரிந்த பின், தென்கிழக்காசிய வகைகளையும் பெற்றோராகச் சேர்த்தார்கள். பத்தாண்டுக்கும் மேற்பட்ட இந்த உழைப்பின் முடிவில் தலோ மீண்டும் வீட்டு அடுப்புக்கும், திருமணம் சாவு போன்ற சடங்குகளின் சீர்வரிசைக்கும், ஓரளவு ஏற்றுமதிக்கும் வந்து சேர்ந்தது. 2009, 2010 வாக்கில் இதே நோய் மேற்கு ஆப்பிரிக்காவைத் தாக்கியபோது, பசிபிக்கில் உருவான வகைகள் சுவா மையத்தின் வழியாக அங்கே அனுப்பப்பட்டன.

இதைப் பாரம்பரியப் பயிரைக் காத்ததாகச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இன்று சமோவர்கள் உண்ணும் தலோவில் பெரும்பகுதி அவர்களுடைய பாட்டனார் அறியாத வகை. ஆனால் அங்கே காக்கப்பட வேண்டியிருந்தது சாப்பாட்டு இலையில் தலோவுக்கு இருந்த இடம்; அந்த இடத்தை அரிசி முழுமையாகப் பிடித்துக்கொள்ளும் முன் ஏதோ ஒரு தலோ அங்கே வந்தாக வேண்டியிருந்தது. நோய் வந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் உழவர்கள் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதே என் குறை.

ஹவாயில் இதே வழி வேறு விதமாக முடிந்தது. இலைக்கருகல் நோய் அங்கே 1920 வாக்கிலேயே வந்துவிட்டது. முன்பு முந்நூறுக்குக் குறையாத பெயர்களில் வழங்கிய கலோ வகைகளில், 1939இல் வெளியான வேளாண் ஆய்வு நிலைய அறிக்கை 84 வகைகளை விவரித்தது. அவற்றிலும் சில வெளியிலிருந்து வந்தவை. பின்னர் ஹவாய்ப் பல்கலைக்கழகம், ‘மாவி லெஹுவா’ என்ற உள்ளூர் வகையைப் பலாவுத் தீவின் நோய் தாங்கும் வகையோடு கலந்து மூன்று புதிய வகைகளை உருவாக்கி, 2002இல் அவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றது. தொழில்நுட்பத்தில் சமோவாவில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் மகரந்தத்தை எடுத்துப் பூவில் தடவும் வேலைதான்.

ஆனால் ஹவாயரின் மரபுக்கதைப்படி, வானத் தந்தை வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் இறந்து பிறந்த முதற்குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்ததே கலோ. அடுத்துப் பிறந்த ஹாலோவாவே மனிதர்களின் மூதாதை. அதாவது செடி அண்ணன், மனிதன் தம்பி. தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் கன்றுக்கு ‘ஓஹா’ என்று பெயர்; குடும்பத்தைக் குறிக்கும் ‘ஓஹானா’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. வாழையடி வாழை என்று தலைமுறையைச் சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அண்ணனுக்குக் காப்புரிமை எழுதுவதா என்று பல்கலைக்கழக வளாகத்தில் போராட்டம் எழுந்தது; 2006இல் பல்கலைக்கழகம் மூன்று காப்புரிமைகளையும் கைவிட்டது. மரபணு மாற்றம் பற்றிய அச்சமும் அதோடு சேர்ந்துகொள்ள, 2008இல் ஹவாய் தீவின் கவுண்டியும் (மாவட்ட ஆட்சி) 2009இல் மாவி தீவின் கவுண்டியும் மரபணு மாற்றிய சேம்பைத் தடைசெய்தன.

போராடியவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று சிலர் எழுதினார்கள். அது மேலோட்டமான வாசிப்பு. மாவி லெஹுவாவைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்து காத்த குடும்பங்களின் வாரிசுகள், அதன் பிள்ளையை நட உரிமம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாட்டையே எதிர்த்தார்கள். சமோவாவில் தேர்வின் நடுவிலேயே கன்று உழவரின் கைக்கு வந்துவிட்டதால், யாருடையது என்ற கேள்வி இவ்வாறு வெடிக்கவில்லை. எனவே இந்த வழியைத் தேர்வதானால், முதல் பூவில் மகரந்தம் தடவுவதற்கு முன்பே, பிறக்கும் வகை யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஹவாயில் கலோவைச் சுருக்கியது நோய் மட்டுமன்று, தண்ணீரும்கூட. லோஇ என்று அவர்கள் அழைக்கும் வயல் நம் நெல்வயலைப்போல் வரப்பு கட்டியது. ஆனால் அதில் தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. ஓடையிலிருந்து வாய்க்கால் வழியே வரும் குளிர்ந்த நீர் ஒரு வயலில் புகுந்து அடுத்த வயலுக்கு வடிந்து, கடைசியில் ஓடைக்கே திரும்ப வேண்டும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 25 பாகை செல்சியசைத் தாண்டினால் கிழங்கழுகல் எளிதில் பற்றிக்கொள்ளும். ஓடையில் நீர்வரத்து குறைந்தால், வயல் ஈரமாகவே தோன்றினாலும், மெதுவாக ஓடும் நீர் வெயிலில் சூடேறிக் கிழங்கு மண்ணுக்குள் அழுகிவிடும். பார்வைக்குத் தண்ணீர் இருக்கிறதே என்று அதிகாரி சொல்வதும், கிழங்கு அழுகுகிறதே என்று உழவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் நிலை இது.

கிழக்கு மாவியில் 1870களிலிருந்து சர்க்கரைத் தோட்டங்களுக்காக ஓடைகள் மலையிலேயே மறிக்கப்பட்டுத் தீவின் வறண்ட நடுப்பகுதிக்குத் திருப்பப்பட்டன. கடைமடையில் இருந்த கலோ உழவர்கள் தலைமுறைகளாகக் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அமைப்பு 2001இல் இருபதுக்கும் மேற்பட்ட ஓடைகளுக்காக மாநில நீர்வள ஆணையத்திடம் மனு அளித்தது. 2016இல் அங்கே கடைசிக் கரும்பு வெட்டப்பட்டது. 2018இல்தான் பத்து ஓடைகளின் நீரை முழுமையாகத் திருப்பித் தர ஆணை வந்தது. பதினேழு ஆண்டுகள்! இந்த வழியின் மிகப் பெரிய குறை அதன் வேகமின்மை. வழக்கைத் தொடங்கியவர்களில் சிலர் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொண்டே இறங்க வேண்டும்.

எனினும், நான்கு வழிகளில் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்பது இதுவே. தண்ணீர் திரும்பிய பள்ளத்தாக்கில் எந்த வகையையும் நடலாம், எந்த ஆய்வகத்திலிருந்தும் கன்று கேட்கலாம். தண்ணீர் இல்லாத இடத்தில் உலகின் சிறந்த கலப்பின வகையைக் கொண்டுவந்து வைத்தாலும் அது இரண்டாம் பருவத்தைக் காணாது. பழைய வகைகளைத் தொகுத்து வைத்திருக்கும் இடங்கள் ஹவாயில் உண்டு. ஹூலி எனப்படும் நடவுத்தண்டுகளை உழவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. வாங்கிப் போனவர் நட வயல் வேண்டும் என்பதுதான் அங்கே தட்டுப்பாடு.

இதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. துவாலு போன்ற தாழ்ந்த பவளத்தீவுகளில் ஓடையே கிடையாது. அங்கே நிலத்தடி நன்னீர் எட்டும்வரை குழி தோண்டி, அதில் புலாகா என்னும் சதுப்புச் சேம்பை வளர்க்கிறார்கள். 2015 மார்ச்சில் பாம் புயல் எழுப்பிய கடலலைகள் அந்தக் குழிகளுக்குள் உப்புநீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கடலிடம் மனு கொடுத்து நீரைத் திரும்பப் பெற முடியாது. அத்தகைய இடத்தில் உப்பைத் தாங்கும் வகைகளைத் தேடுவதும், இருக்கும் வகைகளுக்கு வெளியூரில் பிரதி வைப்பதும் முதலிடத்துக்கு வருவதே முறை.

சந்தையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதன் மீது வைக்கப்படும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. விலை கிடைத்தால் இளைஞர்கள் வயலுக்கு வருவார்கள் என்பது உண்மை. ஆனால் சந்தை ஒரே சுவையை, ஒரே நிறத்தை, ஒரே அளவைக் கேட்கும். சமோவாவை நியூயே வகையால் நிரப்பியதில் ஏற்றுமதிக்குப் பங்குண்டு; ஹவாயில் கூழாக அரைத்து விற்கப்படும் கலோவில் மாவி லெஹுவா ஒன்றே ஓங்கி நிற்பதும் வணிகத்தால்தான். பல வகைகளைக் காக்க வேண்டிய இடத்தில் சந்தையை முதலில் அழைத்தால், அது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியே அனுப்பிவிடும். 2007இல் கலோவை மாநிலச் செடியாக அறிவித்தது போன்ற சடங்குகளால் ஒரு வயலுக்கும் தண்ணீர் வரவில்லை. மாறாக, மரப்பலகையில் கல்லால் இடித்துச் செய்யும் ‘பஇ ஆய்’ என்ற கெட்டிக் களியை, சில உணவுச் சுகாதார விதிகளிலிருந்து விலக்களித்து, விற்க அனுமதித்த 2011ஆம் ஆண்டுச் சட்டம் பணச் செலவில்லாமல் பெரும் உதவி செய்தது. கையால் இடித்த களிக்கு எந்தப் பழைய வகை ஏற்றது என்று தேடும் வாடிக்கையாளர்களை அது உருவாக்க முடியும். சந்தைக்காக ஏதேனும் செய்வதானால் இப்படித் தடையை நீக்குவதோடு தொடங்குவதே நல்லது.

ஆகவே முடிவெடுக்கும் குழு முதலில் கேட்க வேண்டியது, இங்கே எது இல்லாமல் போயிருக்கிறது என்பதே. செடி சாகிறதா, தண்ணீர் வரவில்லையா, உண்பவர் இல்லையா? நோய் வந்து செடி சாகும் தீவு சமோவாவின் வழியில், உழவர்களை முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டு, புதிய வகைகளுக்குப் போகட்டும். செடி இருந்தும் வயல் காய்ந்திருக்கும் தீவு பணத்தின் பெரும்பகுதியை நீருரிமைக்கும் வாய்க்கால் சீரமைப்புக்கும் ஒதுக்கட்டும். இரண்டிலும் சேராத, நோய் இன்னும் எட்டாத தீவாக இருந்தால், அதற்கு மற்றவர்களுக்குக் கிடைக்காத அவகாசம் இருக்கிறது. பத்தில் எட்டு வயலில் ஒரே வகை இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதற்கு அந்த அவகாசத்தைச் செலவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் ஆண்டில் செய்ய வேண்டிய ஒரு வேலைக்குப் பெரிய பணம் வேண்டாம். ஊரின் மூத்தவர்கள் இருவரும் இளையவர்கள் இருவரும் வீடுவீடாகப் போய், எந்த வகை யாரிடம் இருக்கிறது, அதன் பெயர் என்ன, எத்தனை மாதப் பயிர், எதற்குச் சமைப்பார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரே வீட்டில் மட்டும் இருக்கும் வகைக்கு அடையாளமிட்டு, அந்தப் பருவ அறுவடையின்போதே அதன் நடவுத்தண்டுகளில் மூன்றை எடுத்து, ஒரே ஓடையின் கரையில் இல்லாத மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கிழங்கைச் சமைக்க அனுப்பிவிட்டு, அதன் தலைப்பகுதியைத் தண்டோடு வெட்டி நடுவதே இந்தப் பயிரின் வழக்கம் என்பதால், கொடுக்கும் வீட்டாருக்கு உணவில் எந்தக் குறைவும் வராது.